ஆட்டுக்குட்டியைக் கூப்பிடும் பாட்டு

மூன்றாவது அடி வரும்போதெல்லாம், முன்னால் நின்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பாடிக்கொண்டிருந்த குரமோச்சி பார்த்துவிட்டார். கிதாரில் விரல் தடுமாறவில்லை. காது மட்டும் சிவந்துவிட்டது. பின்னால் டிரம்ஸில் இருந்த எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

ஜப்பானில் கோபே துறைமுகத்தின் பின்தெருவில் எண்பது பேர் நின்றால் மூச்சு முட்டும் அரங்கம். ஞாயிற்றுக்கிழமை மதியக் கச்சேரி. நாங்கள் வாசிப்பது ராக் இசைதான். ஆனால் குரமோச்சி போன ஊரிலெல்லாம் ஒரு தாளமோ பாட்டோ வாங்கி வந்து அதில் சேர்த்துவிடுவார். இந்தத் துருக்கிப் பாட்டுக்கென்றே வருகிறவர்கள் உண்டு. பன்னிரண்டு வருடமாகப் பாடுகிறார்.

வயர்களைச் சுருட்டும்போது அந்தப் பெண் மேடையருகே வந்தாள். பெயர் நெர்மின். துருக்கிக்காரி. இங்கே வாழ்க்கைப்பட்டு இருபது வருடம் ஆகிறது. பேச்சு அசல் கோபேப் பேச்சு.

"தப்பா நினைக்காதீங்கண்ணா. அது எங்க ஊர்ப் பாட்டு. ஆத்தைக் கடக்க முடியாம ஒருத்தி, 'கரையே, என்னைக் கூப்பிடு'ன்னு அழுவா. நீங்க, 'ஆட்டுக்குட்டியே, என்னைக் கூப்பிடு'ன்னு பாடுறீங்க. எங்க மொழியில ரெண்டு சொல்லும் கிட்டத்தட்ட ஒண்ணு மாதிரி கேட்கும்."

"இத்தனை வருஷமா ஆட்டுக்குட்டிகிட்டயா கெஞ்சினோம்?" என்றேன். "அந்த இடத்துல நான் கண் கலங்கி வாசிப்பேனேய்யா."

குரமோச்சி தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். சரியான சொல்லை எழுதிக்கொள்ளப் பேனாவைத் தேடினார்.

நெர்மின் தடுத்தாள். அவள் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

"மாத்தாதீங்க. இதை யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க?"

இஸ்தான்புல்லில் பயணிகள் படகில் தேநீர் விற்பவர் ஒருவர், என்றார் குரமோச்சி.

"இடது புருவத்துல வெட்டுத் தழும்பு இருக்குமா?"

இருக்கும், என்றார்.

நெர்மின் மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

சின்ன வயதில் அந்தச் சொல்லைத் தவறாகக் கேட்டு, ஊரே சிரித்தாலும் கடைசிவரை அப்படியே பாடியவன் ஒருவன்தான். அவள் தம்பி. அப்பாவோடு சண்டை போட்டு வீட்டைவிட்டுப் போய்ப் பதினேழு வருடம். உயிரோடு இல்லை என்றே முடிவு செய்து, வீட்டில் அவனுக்காகத் தொழுகையும் நடத்திவிட்டார்கள்.

குரமோச்சி போனை எடுத்தார். வருடம் பிறந்தால் தவறாமல் அவருக்கு வாழ்த்துச் சொல்கிற அந்தத் தேநீர்க்காரரின் எண். அழுத்தி அவள் கையில் கொடுத்தார்.

எங்களுக்கு மதியம் மூன்று. அங்கே காலை ஒன்பது.

நெடுநேரம் மணி அடித்தது. பிறகு படகின் சங்கொலி. அதற்கும் மேலே, 'குரமோச்சி' என்று ஒரு உற்சாகக் குரல்.

நெர்மின் அவளுடைய மொழியில் ஏதோ கேட்டாள். மறுமுனையில் குரல் நின்றுபோனது.

என்ன கேட்டாள் என்று அன்று எங்களுக்குப் புரியவில்லை. அடுத்த வாரம் அவளே சொன்னாள்.

"சாப்பிட்டியாடா?"