பச்சை அடிக்க ஓர் இடம்

"இதெல்லாம் ஒரு நெலமா சார்? புல்லு கூட மொளைக்காது!" பஞ்சாயத்துத் தலைவர் அடித்துச் சொன்னார், இடுப்பளவு நெற்பயிருக்கு நடுவில் நின்றுகொண்டு.

திட்ட அதிகாரி நரசிம்மன் பயிரைப் பார்த்தார். தலைவர் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த வரைபடத்தில் 'தரிசு' என்று குறித்துக்கொண்டார். அதிகாரி அல்லவா, காதால்தான் பார்ப்பார்.

பிள்ளைப்பாக்கத்தில் காலையிலிருந்தே இந்தக் கூத்துதான். தொழிற்பேட்டைக்குக் கொடுத்தது போக விவசாய நிலம் என்று கொஞ்சமாவது மிச்சம் வைத்து, சாயங்காலத்துக்குள் வரைபடத்தில் பச்சை அடித்துக் காட்டு என்று மேலிடத்து உத்தரவு. பச்சை விழுந்த இடத்தை எந்தக் கம்பெனிக்காரனும் வாங்க மாட்டான். அதனால் போகம் தவறாமல் விளைந்த மண்ணெல்லாம் ஒரே நாளில் கட்டாந்தரையாகிவிட்டது.

"ஒரு எடமாச்சும் காட்டணுமே தலைவரே. இல்லன்னா எனக்கு மெமோ வரும்."

"மொதல்ல சாப்புடுங்க சார். பிரியாணி சொல்லிக்கீறேன்."

"வேணாம். அறுப்புக்கு அறுப்பு மச்சான் புது அரிசி எறக்கிடறான். அதையே தின்னு பழகி, வெளிச்சாப்பாடு எறங்க மாட்டேங்குது."

டிபன் பாக்ஸைக் காலி செய்துவிட்டு ஏரிக்கரைப் பக்கம் நடந்தார்கள். ஒற்றைப் பனைமரத்தை ஒட்டிய வயலில் எழிலரசி களை பறித்துக்கொண்டிருந்தாள்.

"யார் நெலம்மா இது?"

"தெரியாது சார். நான் குத்தகைக்குப் பயிர் வெக்கிறேன். ஓனரு இந்தப் பக்கமே வந்ததில்ல. அறுப்பு முடிஞ்சா வண்டி மட்டும் வரும்." சேற்றுக் கையோடு கும்பிட்டாள். "இதையும் கம்பெனிக்குக் குடுத்துட்டா, ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கினு நான் எங்க சார் போவேன்?"

நரசிம்மன் முகம் மலர்ந்தது. அவள் பிள்ளைகளுக்காக அல்ல.

"ஓனர் வர்றதே இல்லியா? அப்போ சண்டைக்கும் வரமாட்டான்ல?"

"கேக்க நாதியில்லாத நெலம் சார்" என்று தலைவர் ஊதிவிட்டார்.

அவ்வளவுதான். நரசிம்மன் பச்சைப் பேனாவை எடுத்து அழுத்தித் தீட்டினார். படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, மேலிடத்தின் ஒப்புதலும் உடனே வந்துவிட்டது. எழிலரசி அழுதுகொண்டே சிரித்தாள்.

ஜீப்பில் ஏறியதும் பெருமை தாங்காமல் மனைவி சசிகலாவுக்குப் போன் போட்டார்.

"சசி, இன்னிக்கு ஒரு இளிச்சவாயன் தலையில பச்சைய கட்டிட்டேன்! பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில ஒத்தப் பனமரத்து நெலம். இனிமே அவன் ஏழு ஜென்மத்துக்கும் நெல்லுதான் போடணும்."

மறுமுனையில் ஓவென்று ஓர் அழுகை.

"ஐயோ, நம்ம பொண்ணு சுவாதி மெடிக்கல் சீட்டு போச்சே!"

"அதுக்கும் இதுக்கும் இன்னாடி சம்பந்தம்?"

"அந்த எடத்த வித்துத்தானே சீட்டு வாங்கறதா இருந்தோம்! அத எங்கம்மா பேர்ல வாங்கினப்போ, 'எங்கேன்னு எங்கிட்ட சொல்லாத, நாளைக்கு எவனாவது கேட்டா தெரியாதுன்னு சத்தியம் பண்ணணும்'னு நீங்கதானே சொன்னீங்க!"