மாரடைப்புக் கணக்கில் முனீப்

“உங்கட மகள் இப்பிடிக் கிடக்கிறதுக்கு நான்தான் காரணம், தங்கச்சி.”

டெங்கு வார்டில் கட்டிலோரம் இருந்த ஸல்ஹா நிமிரவில்லை. சேலைன் ஏறிக்கொண்டிருந்த ரிஸ்னாவின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

ஜமால்தீன் அவர்களுடைய ஊரின் திடீர் மரண விசாரணை அதிகாரி. திருகோணமலைக்கு பஸ் பிடித்து, இதைச் சொல்வதற்கென்றே வந்திருந்தார். சென்ற மாதம் ஸல்ஹாவின் பக்கத்து வீட்டு முனீப் வீட்டிலேயே இறந்தபோது, காரணம் எழுதி அடக்கத்துக்கு அனுமதி கொடுத்தவர் அவர்தான்.

“பள்ளிவாசல்ல ஒருத்தர் முனீபுக்குக் காய்ச்சல் எண்டு சொன்னவர். ஜனாஸாவைப் பிரேதப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கோணும். பகல் லுஹர் தொழுகையோட அடக்கோணும் எண்டு சனம் அவசரப்பட்டது. மாரடைப்பு எண்டு எழுதிட்டன்.”

“நீங்க கேட்டுத்தானே எழுதினீங்க, நானா.”

“ஓம். முனீபிட மனுசி நபீஸா இத்தாவில, விதவைக்குரிய தனிமையில, திரைக்கு அங்கால. ஆம்பிளையோட கதைக்க ஏலாது. நீங்கதான் என்ர கேள்வியை உள்ளுக்குக் கொண்டு போனீங்க. ஒரு சத்தமும் வெளிய வரல்ல. போன கையோட வந்து, காய்ச்சல் இல்லையாம், நெஞ்சு நோதானாம் எண்டீங்க. புருசனைப் பறிகுடுத்தவ, என்ன சொல்லுறம் எண்டு தெரியாமச் சொல்லியிருப்பா. நான் இன்னொருக்காக் கேட்டிருக்கோணும்.”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“காய்ச்சல் எண்டு எழுதியிருந்தா, அடுத்த நாளே சுகாதாரப் பகுதி வந்து வளவு வளவாப் பார்த்துப் புகை அடிச்சிருக்கும். இப்ப முனீப் மாரடைப்புக் கணக்கில. எங்கட ஒழுங்கையில டெங்குச் சாவே இல்லையாம். பிறகு யார் வரப்போறாங்க?”

தாதி வந்து ரிஸ்னாவிடம் இரத்தம் எடுத்தாள். “பிளேட்லட் இன்னும் குறையுது” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

“எழுதினதைத் திருத்த ஏலாதா, நானா?”

“அதுக்குத்தான் பின்னேரம் நபீஸாவிட்டப் போறன். இத்தாவில இருக்கிறவவிட்ட, ஏன் பொய் சொன்னீங்க எண்டு கேக்கிறது பாவம்தான். வேற வழியில்ல.”

அவர் எழுந்தார். ஸல்ஹா அவசரமாக நிமிர்ந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

“போகாதீங்க, நானா. எங்கட பின் வளவு டயருக்குள்ள நுளம்புப் புழு கிடந்தது. முனீப் மாமா மௌத்தாகிறதுக்கு முதல் கிழமைதான் சுகாதாரக்காரர் வந்து, இன்னொருக்காக் கண்டா கோட்டில வழக்குப் போடுவம் எண்டு சொல்லிட்டுப் போனவங்க.”

மகளின் கையை முகத்தில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

“நான் நபீஸா மாமியிட்டக் கேக்கவே இல்ல.”