எந்தப் பக்கம்

வலது பெட்டி மறுபடியும் பொத்தென்று கீழே விழுந்தது.

திரையில் இருந்தவை இரண்டே பெட்டிகள். கல்யாண அழைப்புக்கான இணையப் பக்கம் அது. இடப்பக்கம் பெண் வீட்டார் படம், வலப்பக்கம் மாப்பிள்ளை வீட்டார் படம். அகலத்தை ஆளுக்குப் பாதியாகத்தான் பிரித்துக் கொடுத்திருந்தாள். ஆனாலும் இரண்டாவது பெட்டி இடமில்லை என்று முரண்டு பிடித்து, முதல் பெட்டிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

வேறு யாருடைய பக்கமாகவாவது இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். இது அப்படியல்ல. நிச்சயத்தன்று போட்டோவில் யார் நடுவில் நிற்பது என்று முறைத்துக்கொண்ட சம்பந்திகள், இப்போதுதான் முகம் கொடுத்துப் பேசுகிறார்கள். இன்னொரு முறை முறுக்கிக்கொண்டால் கல்யாணமே ஆட்டம் கண்டுவிடும்.

போன் அடித்தது. காலையில் அனுப்பிய மாதிரியைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையின் அம்மா.

“என்னம்மா, எங்களத் தூக்கிக் கீழ போட்டுட்ட? நீ எந்தப் பக்கம்?”

நேற்று பெட்டிகள் இடம் மாறியிருந்தபோது, இதே கேள்வியைப் பெண்ணின் அம்மா கேட்டாயிற்று.

வரிவரியாகத் துழாவினாள். கடைசியில் அகப்பட்டது தங்கக் கரை. இரண்டு அம்மாக்களும் சண்டை போடாமல் ஒப்புக்கொண்ட ஒரே விஷயம், பெட்டியைச் சுற்றிப் பட்டையாக ஒரு தங்கக் கரை வேண்டும் என்பதுதான். பாதியும் பாதியும் சேர்ந்தாலே பக்கம் நிறைந்துவிடும். அப்புறம் கரைக்கு ஏது இடம்?

கரையையும் அந்தப் பாதிக்குள்ளேயே சேர்த்துக்கொள் என்று ஒரு வரி எழுதினாள்.

பெட்டி துள்ளிக்கொண்டு மேலே வந்து பக்கத்தில் நின்றது. தனியாக உட்கார்ந்து கைதட்டினாள்.

அந்தச் சந்தோஷம் போனில் திறந்து பார்க்கும் வரைதான். அந்தக் குட்டித் திரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் முகமெல்லாம் கடுகாகிவிடுகிறது. ஒருவர் மேலே, ஒருவர் கீழே என்றுதான் வைத்தாக வேண்டும். இரண்டு அம்மாக்களும் போனைத் தவிர வேறெதிலும் பார்க்கப் போவதில்லை.

கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதே பக்கத்தை இரண்டு விதமாக அடுக்கி, இரண்டு இணைப்புகள் செய்தாள். ஒன்றில் இவர்கள் மேலே, மற்றதில் அவர்கள் மேலே. ஆளுக்கு ஒன்றாக அனுப்பினாள். இருவரும் ஒரே போனில் எட்டிப் பார்க்காத வரை ஆபத்தில்லை.

மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் கூப்பிட்டார். உச்சி குளிர்ந்துபோயிருந்தார்.

“எங்கள மேல வெச்சுட்ட பாரு. நீ எந்தப் பக்கம்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு.”

அவர் வைத்த கையோடு பெண்ணின் அம்மா. அட்சரம் பிசகாமல் அவரும் அதையேதான் சொன்னார்.

நிம்மதியாகப் பக்கத்தின் அடிக்கு வந்தாள். அது வடிவமைத்தவர் பெயர் போடும் இடம். பழக்கதோஷத்தில் தன் பெயரைத் தட்டிவிட்டு, உடனே அழித்தாள்.

அதுதான் ஏற்கெனவே உச்சியில் இருக்கிறதே, மாப்பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில்.