வல்லநாடு தாண்டி

வல்லநாடு நெருங்கினாலே பிரமுவுக்குக் காரணம் தெரியாத ஒரு பயத்தில் நெஞ்சு படபடக்கும். மணிக்கட்டில் கட்டியிருக்கும் நாடிப்பட்டை அதைக் காருக்குச் சொல்லிவிடும். ஓட்டுநர் இல்லாத கார் உடனே, "தங்கள் நலன் கருதி இல்லம் திரும்புகிறோம்" என்று அறிவித்துத் திருநெல்வேலிக்கே திரும்பிவிடும். மூன்று வருடமாக அவள் தூத்துக்குடியைப் பார்க்கவில்லை. இன்று அங்கே அவள் தங்கை மகளுக்குக் கல்யாணம்.

மலை கண்ணில் பட்டதும் பிரமு பட்டையைக் கழற்றி, நாடி கிடைக்காமல் கார் நின்றுவிடக் கூடாதே என்று, பக்கத்தில் இருந்த கணவர் சங்கரபாண்டியனின் கையில் கட்டிவிட்டாள். இடி விழுந்தாலும் கொட்டாவி விடுகிறவர் என்று தெருவில் அவருக்குப் பெயர்.

ஆனால் வேர்த்து விறுவிறுத்து, மூச்சுக்குத் தவிக்கிற மனைவியைப் பார்த்ததும் அவருக்கே படபடப்பு வந்துவிட்டது.

"தங்கள் நலன் கருதி..." என்று ஆரம்பித்தது கார்.

"ஏங்க, என்னையப் பாக்காதீங்க. அந்தா, மான் நிக்குது பாருங்க!"

அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு பிரமு பேச ஆரம்பித்தாள். மாப்பிள்ளைக் கோலத்தில் அவர் பந்தியிலேயே தூங்கிப்போன கதை. குரல் நடுங்கியது, ஆனாலும் அவள் விடவில்லை. அவர் சிரித்துவிட்டார். கார் வாயை மூடிக்கொண்டு நேரே போனது.

கடல்காற்று முகத்தில் அடித்தபோதுதான் அவர் கவனித்தார். அவர் புறங்கை முழுக்க அவள் நகம் பதிந்த தடம்.

"ஏட்டி, இம்புட்டுப் பயத்தோடயா பேசிக்கிட்டு வந்தே?"

"பயம் அதுபாட்டுக்கு இருந்துச்சு" என்றாள் பிரமு. "நான் உங்களையில்லா பாத்துக்கிட்டு வந்தேன்."