ஒரு கை மட்டும்

எடிட்டிங் அறையின் கறுப்புத் திரைச்சீலையில் உள்ள ஓட்டை வழியாக மதிய வெயில் மேசைமேல் பொட்டளவு விழுந்து கிடக்கிறது. எடிட்டருக்குப் பின்னால், மடியில் கைப்பையோடு அவர் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். கல்யாணத்துக்காக நடிப்பை விட்டவள், இருபது வருடம் கழித்து இந்தப் படத்தில் கதாநாயகனின் அக்காவாக ஒரே ஒரு காட்சியில் நடித்திருக்கிறாள். அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள். சிரிப்புப் படமோ சண்டைப் படமோ அழுகைப் படமோ, எல்லாவற்றுக்கும் எடிட்டரிடம் ஒரே சோதனைதான். காட்சியை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பார். படம் இடறாமல் ஓடினால் அந்தக் காட்சி போக வேண்டியதுதான். திரையில் கதாநாயகன் வீட்டுக்குள் வருகிறான். ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டு தண்ணீர் டம்ளரைத் தருகிறது. அடுத்த நொடி அவன் தெருவில் ஓடுகிறான்.

"நான் எங்கங்க?"

"தூக்கிட்டேன். எவ்வளவு வழுக்கிக்கிட்டுப் போகுது பாத்தியா?" குரலில் தொழில் பெருமை. "உன் கை இருக்குல்ல."

"எங்க அக்கா வீட்டுல எல்லாரும் என்னைப் பாக்க முதல் நாளே படத்துக்குப் போறாங்க."

அவர் காட்சியை மறுபடி ஓட்டுகிறார். கை நீளும்போது வளையல் டம்ளரில் மோதிச் சின்னதாக ஒலிக்கிறது.

"கை போதும்தான்," என்கிறாள். "வீட்டுலயும் உங்களுக்கு அது போதுமாத்தானே இருந்துச்சு."

அவர் திரும்பவில்லை. அந்த வளையல் சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைக்கிறார்.