ஒரு நிமிஷம் அணைச்சுட்டுப் போடுங்க

"ஏம்மா, என் வீட்டு நெட்டு நத்தையா ஊருது. அதுக்குக் காரணம் யாருன்னும் எனக்குத் தெரியும். என் மருமக."

ஹெட்போனில் வந்த குரல், மூடிய கதவு வழியாகவும் வந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மாமனார்.

ஹாலில் உட்கார்ந்துகொண்டு கஸ்டமர் கேருக்குப் போன் போட்டிருக்கிறார். எத்தனையோ பேர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காத்திருக்க, அந்தப் போன் படுக்கையறைக் கட்டிலில் சம்மணம் போட்டு வேலை பார்க்கும் மருமகளிடமே வந்து விழுந்திருக்கிறது.

"மாமா, நான்தான்" என்று சொல்லிவிடலாம். ஆனால் இன்றைக்கு மேனேஜர் அம்மா ஒரு அழைப்பு விடாமல் கூடவே கேட்டுக்கொண்டிருக்கிறாள். சாயங்காலத்துக்குள் ஒரு வாடிக்கையாளராவது அஞ்சுக்கு அஞ்சு மார்க் போட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஹெட்போனைக் கழற்றிக் கொடுக்க வேண்டியதுதான். இதுவரை பேசியவர்கள் நாலு போட்டார்கள், மூணு போட்டார்கள். ஒருத்தர் நன்றாக இருமிவிட்டு வைத்துவிட்டார்.

"வணக்கம் சார். உங்க சிரமத்துக்கு வருந்துறோம்," என்றாள். கதவு வழியே கேட்டுவிடக் கூடாதே என்று போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டாள்.

"வருந்தி என்ன பிரயோஜனம்? ஒரு பாட்டுக் கேட்கலாம்னா வட்டம் சுத்துது. பாடறவன் வாயைத் திறந்தபடியே நிக்கிறான்."

"வீட்டுல எத்தனை பேர் நெட்டைப் பயன்படுத்துறாங்க, சார்?"

"ஒருத்திதான். காலையில கதவைச் சாத்தினா சாயங்காலம்தான் திறப்பா. உள்ளேயிருந்து 'ஆமா சார், சரி சார்'னு ஒரே குழைவு. எங்கிட்ட ஒரு நாளும் அப்படிப் பேசினதில்ல."

அவளுக்குக் காது சுட்டது. போர்வைக்குள் வியர்த்துக் கொட்டியது.

"சமையலாவது உருப்படியா இருக்கா? உப்புப் போட்டாளா இல்லையான்னு அவளுக்கே தெரியாது. நாங்க சாப்பிட்டுத்தான் சொல்லணும்."

திரையில் மேனேஜரின் செய்தி குதித்தது. "பாவம் அந்த மருமகள். நீ விஷயத்துக்கு வா."

"நாம நெட்டைப் பத்திப் பேசலாமா, சார்?" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அம்மா," என்றது ஹெட்போனில் ஒரு மழலை.

போச்சு. மாமா போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்.

"உங்கம்மா இல்லடி தங்கம், இது கஸ்டமர் கேர்."

"அம்மா," என்று குழந்தை அடித்துச் சொன்னது.

"விடும்மா, அது யாரைப் பார்த்தாலும் அம்மான்னுதான் கூப்பிடும். நீ மேல சொல்லு."

மேலே சொல்ல வேண்டியது திரையில் கொட்டை எழுத்தில் நின்றது. மோடத்தை அணைத்துப் போடச் சொல்ல வேண்டும். சொல்லாமல் தாண்டினால் மார்க் போய்விடும். சொன்னால் மாமா அணைப்பார். அவள் பேசிக்கொண்டிருப்பதே அந்த மோடத்தின் புண்ணியத்தில்தான். அது அணைந்தால் அவளும் அணைவாள். பேச்சு நடுவில் வாடிக்கையாளரை அம்போ என்று விட்டவள் என்ற பெயர் மிஞ்சும்.

"மோடம்?" என்று மேனேஜர் கேள்விக்குறி போட்டாள்.

"சார்... மோடத்தை ஒரு நிமிஷம் அணைச்சுட்டுப் போடுங்க."

கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மனசுக்குள் வேலைக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

கதவுக்கு அப்பால் நாற்காலி நகர்ந்தது. செருப்பு தேய்ந்து தேய்ந்து நடந்தது.

"அணைச்சுட்டேன்மா."

குரல் கணீரென்று வந்தது. லைன் அப்படியே இருந்தது.

ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "அணைச்சு... அணைச்சுட்டீங்களா சார்?"

"சுத்தமா அணைச்சுட்டேன். ஒரு விளக்கு எரியல. இரு, திரும்பப் போடறேன். ம், போட்டாச்சு. அடேங்கப்பா, என்ன வேகம். பாடறவன் வாயை மூடிட்டான். மார்க் எங்கம்மா போடணும்? அஞ்சுதான் இருக்கா? அதுக்கு மேல இல்லையா?"

அஞ்சு விழுந்தது.

"வேலை உனக்குத்தான்," என்று மேனேஜரின் செய்தி வந்தது. "இப்படிப்பட்ட மாமனாரையே சமாளிச்சுட்டியே."

போர்வையை வீசிவிட்டு, கலைந்த தலையோடு கதவைத் திறந்தாள். அலமாரி மேல் மோடம் எல்லா விளக்கும் எரிய நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. அதன் மேல் இருந்த தூசி கூடக் கலையவில்லை.

"வாம்மா," என்றாள் அத்தை, குழந்தையை இடுப்பில் வைத்தபடி. "உங்க மாமாவுக்கு என்னவோ ஆயிடுச்சு. காலையிலேர்ந்து கஸ்டமர் கேருக்கே போன் போடறாரு. யாராவது எடுத்தா, 'நீ இல்லம்மா'ன்னு வச்சுடறாரு."

அவள் மாமாவைப் பார்த்தாள். "மோடத்தைத் தொடவே இல்லையா மாமா?"

"தொட்டா நீ போயிடுவியே."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. "அதுக்காக என்னை இப்படியா திட்டித் தீர்ப்பீங்க?"

"மேனேஜர் கூடவே கேட்பாங்க, அஞ்சு விழலேன்னா வேலை போயிடும்னு காலையில உன் புருஷன்கிட்ட நீ புலம்பினது ஹால் வரைக்கும் கேட்டுச்சும்மா," என்றார் மாமா. "மருமகளைக் கரிச்சுக் கொட்டற கிழவன், அந்த மருமகளுக்கே அஞ்சு போடுவான்னு யாரு சந்தேகப்படுவா?"