கனம் கூடிய தோட்டாக்கூடு

"இது வேண்டாம். கனம் கூடுதலா இருக்கு" என்று சொல்லி, மார்வா அந்தப் பித்தளைத் தோட்டாக்கூட்டைத் தராசிலிருந்து எடுத்துக் கழிவு டப்பாவில் போட்டாள்.

எதிரே உட்கார்ந்திருந்த ஹாலிஸ் டப்பாவை எட்டிப் பார்த்தான். நூறு கூடுகளில் அடியில் கீறல் போட்டு அவன் அடையாளம் வைத்திருந்தது அது ஒன்றுதான். உள்ளே, சிகரெட் சுற்றும் மெல்லிய தாளில், நாலு வருஷமாக வாயில் வராத கேள்வியை எழுதிச் செருகியிருந்தான்: 'என்னைக் கட்டிக்கிறியா?'

மொன்டானாவின் அந்த வட்டாரத்தில் துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போகிறவர்கள் எல்லோரும் மார்வாவின் கண்ணை நம்பித்தான் போவார்கள். சுட்டு முடித்த கூடுகளில் மறுபடி வெடிமருந்து நிரப்பும் முன், ஒவ்வொன்றுக்குள்ளும் வெளிச்சம் அடித்து விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பாள். அப்புறம்தான் எடை; கனம் மாறினால் குறி தப்பும் என்று அதைக் கழித்துவிடுவாள். உள்ளே பார்க்கும்போது தாளைக் கண்டுவிடுவாள் என்ற நம்பிக்கையில்தான் போன சனிக்கிழமை ஹாலிஸ் அந்த நூறு கூடுகளையும் பெட்டியோடு கொடுத்துவிட்டுப் போயிருந்தான். மனைவி இறந்தபின் தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு அவனுக்கு அலுத்துவிட்டது. வாரத்தில் அவன் சிரிக்கிற நாளே, மார்வாவின் மேஜைக்கு எதிரே உட்காரும் இந்தச் சனிக்கிழமைதான்.

இன்னொரு தடவை நிறுத்துப் பார்க்கச் சொன்னான். ஒரே தடவை போதும் என்றாள். உள்ளே ஏதாவது அடைத்திருக்கலாமே என்று மெல்ல இழுத்தான்.

மார்வா தலையை நிமிர்த்தவே இல்லை. "ஞாயித்துக்கிழமையே நூறையும் டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன் ஹாலிஸ். என் கண்ணுக்குத் தப்பினது ஒண்ணுமில்ல."

ஹாலிஸின் முகம் செத்துப்போயிற்று. அப்படியானால் படித்துவிட்டாள். படித்துவிட்டுத்தான் கழித்துப் போடுகிறாள். கோபப்படவும் தோன்றவில்லை, இத்தனை நாள் சிநேகத்தைக் கெடுத்துக்கொண்டோமே என்றுதான் அழுகை வந்தது. மாட்டுக்குத் தீனி வைக்க வேண்டும் என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லி எழுந்தான்.

"போறப்ப அந்தக் கழிவு டப்பாவை எடுத்துட்டுப் போயிடு. உன் சாமான் எனக்கெதுக்கு?" என்றாள் மார்வா.

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போலிருந்தது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் ஏறினான். வேறு யார் கண்ணிலும் படுவதற்குள் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும். கீறல் போட்ட கூட்டைத் தேடி எடுத்து உள்ளங்கையில் தட்டினான்.

இரண்டு தாள்கள் விழுந்தன.

ஒன்று அவனுடையது. இன்னொன்று தடித்த தாள், மார்வாவின் கையெழுத்து: 'கட்டிக்கிறேன். ஆனா அந்தக் கேள்வியை உன் வாயால ஒரு தடவை கேக்கணும். ஜன்னல்லதான் நிப்பேன், திரும்பி வா.'